இருப்புப்பாதை சென்ற வழியே

சைக்கிளில் நெடுந்தூரம் செல்ல ஆசைப்படுவோர்க்குப் பகை இரண்டு. ஒன்று மேடு; மற்றொன்று மோட்டார் வாகனம். இவ்விரண்டின் தொல்லையும் பெரும்பாலும் இல்லாத வழி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மனியின் மேற்கெல்லையிலுள்ள ஆகென் நகரில் அது தொடங்குகிறது. பெல்ஜியத்தின் கிழக்கு ஓரமாகத் தெற்கு நோக்கிச் சென்று, லக்ஸம்பர்க் நாட்டின் வடகோடியிலுள்ள துருவாவியெர்ஷ் என்னும் சிற்றூரில் முடிகிறது. நீளம் 125 கிலோமீட்டர். அதன் பெயர் ஃபென்பான். ‘ஃபென்’ என்பது அவ்வட்டாரத்துச் சதுப்பு மேட்டுநிலத்தைக் குறிக்கும் சொல். ‘பான்’ என்பது இருப்புப்பாதை.

பெயரிலேயே வரலாறு அடங்கியிருக்கிறது. இன்று சைக்கிள் ஓடும் இடத்தில் முன்பு இரயில் ஓடியது. பிரஷ்ய அரசாங்கம் அதை அமைத்தது. ஆகெனிலிருந்து மொன்ஷாவ் வரையிலான பகுதி 1885-இலும், லக்ஸம்பர்க் எல்லை வரையிலான பகுதி 1889-இலும் திறக்கப்பட்டன. ஆகென் பக்கத்து நிலக்கரி தெற்கே போயிற்று. லக்ஸம்பர்க், லொரேன் பகுதிகளின் இரும்புத்தாது வடக்கே வந்தது. பாரமேற்றிய நீராவி இரயிலால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. ஆகையால் பொறியாளர்கள் குன்றைக் குடைந்தும், பள்ளத்தை மேடாக்கியும், மலைச்சரிவை ஒட்டி வளைத்து வளைத்தும் பாதையைக் கொண்டு சென்றனர். நூறு அடிக்கு இரண்டடிக்கு மேல் அது ஏறுவது அரிது. எஞ்சினுக்காகச் செய்த அந்த உபகாரம் இன்று சைக்கிளில் வருபவனுக்குப் பயன்படுகிறது. ஆகெனிலிருந்து மேட்டுநிலத்தின் உச்சிக்குப் போகும்போது 350 மீட்டருக்குக் குறையாத உயரம் ஏறுகிறோம். ஆனால் கால்களுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை.

இருபுறமும் ஊசியிலைக் காடு, பசும்புல் வெளி, பசுக்கள், பழைய இரயில் நிலையங்கள். பாதைக்குத் தார் போட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. சாலைகள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துக் கடக்கவேண்டும். இவ்வளவு அமைதியான நாட்டுப்புறத்தில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று தோன்றும். உண்மையில், இந்தப் பாதைக்காகவே தேசங்களின் எல்லைக்கோட்டை வளைத்து வரைந்தார்கள்.

முதல் உலக மகாயுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி ஆய்பென், மால்மெடி என்னும் இரு பகுதிகளும் 1920-இல் பெல்ஜியத்துக்கு மாறின. மக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. கேட்ட முறைதான் விசித்திரம். இரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. மாற்றம் வேண்டாம் என்பவர் அதிகாரிகளின் முன் சென்று பதிவேட்டில் தம் பெயரை எழுதவேண்டும். வாக்குரிமையுள்ள 33,726 பேரில் 271 பேரே அவ்வாறு எழுதினர். எஞ்சியோர் அனைவரும் மனமுவந்து சம்மதித்தார்கள் என்று இந்த எண்ணிக்கையைக் கொண்டு சொல்லிவிட முடியுமா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

இவ்விரு பகுதிகளையும் இணைத்த இருப்புப்பாதை இடையில் ஜெர்மானிய மண்ணின் வழியாகச் சென்றது. பாதையின்றிப் பகுதிகளால் பயனில்லை என்று பெல்ஜியம் வாதாடியது. முடிவில், தண்டவாளம் கிடந்த மண்ணும் நிலையங்களும் மட்டும் பெல்ஜியத்துக்கு அளிக்கப்பட்டன. ஜெர்மனிக்குள்ளே ஒரு நாடாவைப்போல் பெல்ஜியம் நுழைந்தது. அந்த நாடாவுக்கு மேற்கே இருந்த ஜெர்மானிய நிலத்துண்டுகள் தாய்நாட்டிலிருந்து பிரிந்து தீவுகளாயின. அவற்றுள் ஐந்து இன்னும் இருக்கின்றன. மூட்செனிக் என்பது ஒரு முழுக் கிராமம். ரூக்‌ஷ்லாக் என்பதோ ஒரு வீடும் அதன் தோட்டமுமே. அண்டை வீட்டுக்குப் போக அயல்நாட்டைக் கடக்கவேண்டும் என்ற நிலை. இன்று சுங்கச்சாவடி இல்லை, தடையில்லை. ஆயினும் இரயில் நின்ற பின்பும் அந்த மண் பெல்ஜியத்தின் வசமே உள்ளது. ஜெர்மானிய ஊர்களுக்கு நடுவே சைக்கிளில் போகிறவன் பெல்ஜியத்திலேயே போய்க்கொண்டிருக்கிறான்.

பிழைப்புக்காகவோ பணிக்காகவோ பிறந்த மண்ணைவிட்டு, வேற்றுமொழி வழங்கும் மாநிலத்தில் குடியமர்ந்திருக்கும் நம் நேயர்களுக்கு மொழியும் எல்லையும் பொருந்தாத வாழ்வு புதிதன்று. ஆனால் நாம் எல்லையைக் கடந்து வந்தவர்கள். ஆய்பென் மக்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. ஒரு முறையோடு நிற்கவுமில்லை. 1940-ஆம் ஆண்டு மே மாதம் ஹிட்லரின் படைகள் பெல்ஜியத்துள் புகுந்தன. அம்மாதம் 18-ஆம் நாளே இப்பகுதி ஜெர்மனியுடன் சேர்க்கப்பட்டதாக ஆணை பிறந்தது. பெல்ஜியத்தின் ஏனைய பகுதிகளில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பாளராக இருந்தனர். இங்கோ இளைஞர்களைத் தம் குடிமக்கள் எனக் கொண்டு கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். ஆயிரக்கணக்கானோர் சென்றனர், பலர் திரும்பவில்லை. மே மாதத் தொடக்கத்தில் பெல்ஜியச் சீருடை அணிந்திருந்தவனே பின்னர் ஜெர்மானியச் சீருடை அணிய நேர்ந்ததும் உண்டு. யுத்தம் முடிந்து பெல்ஜியம் திரும்பி வந்தபோது, யார் விரும்பிச் சென்றவர், யார் இழுத்துச் செல்லப்பட்டவர் என்ற விசாரணை நடந்தது. ஒரே வீட்டில் பாட்டனுக்கும் பேரனுக்கும் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருந்திராது. இக்கிராமங்களில் நினைவுக்கல்லைக் கண்டால் சைக்கிளை நிறுத்திப் பெயர்களைப் படிப்பது நல்லது. பெல்ஜிய மண்ணில் நிற்கும் அக்கல்லில் ஜெர்மானியப் படையில் மாண்டவர்களின் பெயர்கள் இருக்கும்.

ஆகெனுக்குத் தெற்கே ரோட்கென் என்ற ஊர் வருகிறது. 1944 செப்டம்பர் 12-ஆம் நாள் அமெரிக்கப் படைகள் இவ்வூரில் நுழைந்தன. மேற்கிலிருந்து வந்த நேசநாட்டுப் படைகள் கைப்பற்றிய முதல் ஜெர்மானிய ஊர்களுள் இது ஒன்று. இதைச் சுற்றியுள்ள வயல்களில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் கூம்புகள் இன்றும் நிற்கின்றன. டாங்கிகளைத் தடுப்பதற்காக யுத்தத்துக்குமுன் ஹிட்லர் அரசாங்கம் கட்டிய மேற்கு அரணின் ஒரு பகுதி அவை. ‘டிராகன் பற்கள்’ என்று பெயர். அவற்றைப் பெயர்த்தெடுப்பது பெருஞ்செலவு. ஆகவே உழவர்கள் அவற்றுக்கு இருபுறமும் மாடு மேய்த்துக்கொள்கிறார்கள். பாசியும் புதரும் ஏறிய நிலையில் பார்க்க அச்சமாக இல்லை. கிழக்கே தெரியும் ஹூர்ட்கென் காட்டில் அந்த இலையுதிர் காலம் முதல் 1945 பிப்ரவரி வரை நடந்த போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காயமுற்றனர்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் காப்பிக்கொட்டைக்குக் கடுமையான வரி. பெல்ஜியத்திலோ விலை மலிவு. எல்லையோரத்து ஏழைகள், சிறுவர்கள் உட்பட, இரவில் மூட்டை சுமந்தனர். காவலர் துப்பாக்கிக்கு இரையானவர்களும் உண்டு. 1953-இல் ஜெர்மனி வரியைக் குறைத்த பிறகே கடத்தல் ஓய்ந்தது. காலையில் ஒரு குவளை காப்பியின்றி நாள் தொடங்காத நமக்கு அந்த ஆவல் விளங்கும். உயிரை விலையாகக் கொடுத்ததுதான் விளங்காது.

மேட்டுநிலத்தைக் கடந்து தெற்கே இறங்கினால் சாங்க்ட் ஃபீட். வழி முழுவதிலும் மனத்தை மிகவும் உறுத்துவது இவ்வூர்தான். சாலைகளும் இருப்புப்பாதைகளும் கூடும் சந்தியாக இருந்தது அதன் செல்வம். அதுவே அதன் கேடு. 1944 டிசம்பர் 16-இல் ஜெர்மானியர் ஆர்டென் காட்டின் வழியே தம் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்கினர். சாலைச்சந்தி வேண்டுமென்று அவர்கள் முட்டினர்; அமெரிக்கர் சில நாட்கள் தாங்கி நின்று, 21-ஆம் நாள் இரவு ஊரை விட்டுப் பின்வாங்கினர். சந்தி எதிரிக்குப் பயன்படலாகாது என்று கிறிஸ்துமஸ் நாளிலும் மறுநாளிலும் நேசநாட்டு விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. 1945 ஜனவரி 23-இல் அமெரிக்கர் திரும்ப வந்தபோது மீட்பதற்கு அங்கே ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இன்றைய சாங்க்ட் ஃபீட் ஏறத்தாழ முழுவதும் பின்னர் கட்டியது. பழங்காலத்துக் கோட்டைக் கோபுரம் ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது.

எந்தச் சந்திக்காக ஊர் அழிந்ததோ அந்தச் சந்தியும் பிறகு தேய்ந்தது. சாங்க்ட் ஃபீட்டுக்குத் தெற்கே யுத்தத்தில் சிதைந்த பாதை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வடக்கே சிறிது காலம் சரக்கு ஓடியது. 1990 முதல் 2001 வரை உல்லாசப் பயணிகளுக்கான இரயில் ஓடியது. பின்னர் அதுவும் நின்றது. தண்டவாளங்களைப் பெரும்பாலும் அகற்றிவிட்டு, மூன்று நாட்டினரும் கூடி 2013-இல் இதைச் சைக்கிள் வழியாகத் திறந்தனர். இன்று ஆய்பென் பகுதி மக்கள் பெல்ஜியக் குடிகளாக இருந்துகொண்டே ஜெர்மன் மொழியில் படிக்கிறார்கள். ஆய்பெனில் அவர்களுக்கெனத் தனிச் சட்டமன்றமும் உண்டு. ஜெர்மன், பெல்ஜியத்தின் மூன்று ஆட்சிமொழிகளுள் ஒன்று.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். மேட்டுநிலத்தில் அப்போதும் மழையும் மூடுபனியும் வரும், கம்பளி உடை வேண்டும். மூன்று அல்லது நான்கு நாட்களாகப் பிரித்துக்கொண்டால் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். லக்ஸம்பர்க் எல்லையில் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதை வௌவால்களுக்கு விட்டுவிட்டார்கள். நாம்தான் குன்றின்மேல் ஏறிச் சுற்றிப் போகவேண்டும். வழியிலேயே கால் நன்றாக வலிக்கும் இடம் அதுதான்.

இறங்கினால் துருவாவியெர்ஷ். முதல் யுத்தத்தில் மேற்குத் திசையில் ஜெர்மானியர் முதலில் அடியெடுத்து வைத்தது இச்சிற்றூரின் இரயில் நிலையத்தில். 1914 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மாலை ஒரு சிறு படைப்பிரிவு வந்து நிலையத்தையும் தந்தி அலுவலகத்தையும் கைப்பற்றியது. பெர்லினில் சக்கரவர்த்திக்கோ கடைசி நேரத் தயக்கம். சற்று நேரத்தில் வேறு வீரர்கள் விரைந்து வந்து, பிசகு நேர்ந்துவிட்டது, திரும்புங்கள் என்றனர். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மறுநாள் முழுப் படையும் லக்ஸம்பர்க்கினுள் வந்தது.

அந்நிலையத்தில் இன்றும் இரயில் நிற்கிறது. சைக்கிளையும் உடன் ஏற்றிக்கொண்டு லக்ஸம்பர்க் நகருக்குப் போகலாம். சாதாரண வகுப்புக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. 2020 முதல் அந்நாட்டில் இரயிலும் பஸ்ஸும் இலவசம்.