கரையோர மனிதர்கள் – 14: குணமான பிறகு எங்கே போவது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் கோவளத்தில் வண்டியை நிறுத்தப் பல காரணங்கள் உண்டு. மீன், அலைச்சறுக்கு, கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா. சமூகப் பணி படிக்கும் பிள்ளைகள் வந்து இறங்குவது வேறு காரணத்துக்காக. 'பான்யன்' அமைப்பு 2007-இல் தொடங்கிய மனநலக் கல்வி நிறுவனத்துக்குக் கோவளம் வட்டாரம்தான் களம். டாடா சமூக அறிவியல் கழகத்தோடு கைகோத்து மனநலச் சமூகப் பணியில் முதுகலைப் படிப்பை நடத்திய நிறுவனம் அது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் வந்தனா கோபிகுமார். பேராசிரியர், ஆய்வாளர் என்ற அடைமொழிகள் எல்லாம் பின்னால் வந்தவை.

1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரியில் படித்தவர் வந்தனா. 1993-இல் அவரும் தோழி வைஷ்ணவி ஜெயக்குமாரும் மனநிலை பாதித்துத் தெருவில் அலைந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். எங்காவது சேர்த்துவிடலாம் என்று அலைந்தார்கள். சேர்த்துக்கொள்ள ஆளில்லை. இருபது வயதைத் தாண்டி அதிக காலம் ஆகாத இரண்டு பெண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாங்களே பார்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். பான்யனின் தொடக்கம் அவ்வளவுதான். பிறகு முகப்பேரில் 'அடைக்கலம்' காப்பகம் எழுந்தது. மணிரத்னம் இயக்கத்தில் 'நேற்று இன்று நாளை' என்ற மேடை நிகழ்ச்சியே இந்த அமைப்புக்கு நிதி திரட்ட நடந்தது.

தெருவிலிருந்து அழைத்து வந்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்துத் தேற்றுவது முதல் பாதி. ஊரைக் கண்டுபிடிப்பது அடுத்த பாதி. துப்பறியும் கதைக்குக் குறையாத வேலை. வந்திருப்பவர் பேசுவது போஜ்புரியா, வங்காளியா என்றே முதலில் பிடிபடாது. கொஞ்சம் தெளிந்ததும் ஓர் ஆற்றின் பெயர் வரும், ஒரு சந்தையின் பெயர் வரும், அண்ணன் பெயர் வரும். அதை வைத்துக்கொண்டு எங்கோ இருக்கும் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, ஆள் அடையாளம் சொல்லி, கடைசியில் ரயிலேற்றிக் கூட்டிப்போய் விடவேண்டும். பலரை அப்படி வீடு சேர்த்தார்கள்.

போன இடத்தில் கதவு திறக்காவிட்டால்? கணவர் மறுமணம் செய்துகொண்டிருப்பார், பெற்றோர் காலமாகியிருப்பார்கள், தம்பி மனைவிக்குப் பயம். நோய் தணிந்தவருக்கும் விடுதிக் கட்டில்தான் மிஞ்சும். வந்தனாவின் படிப்பு ஆர்வம் முழுவதும் இந்த முட்டுச்சந்திலிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம். ஆம்ஸ்டர்டாமின் விரிய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனநோயும் வறுமையும் வீடின்மையும் ஒன்றையொன்று இறுக்கும் முடிச்சு. மனநோய் வந்ததால் வேலை போகிறது, வேலை போனதால் வீடு போகிறது, தெருவுக்கு வந்ததால் நோய் முற்றுகிறது. மாத்திரை இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே தளர்த்தும். மற்றவற்றுக்கு ரேஷன் கார்டு, உதவித்தொகை, வாடகை வீடு, பேச்சுத்துணை என்று பல வேண்டும். மருத்துவர்களின் தனிச்சொத்தாக இருந்த மனநலத் துறையில் ஒரு சமூகப் பணியாளர் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்தான்.

சங்கிலி என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். கொடுமைக்காரக் குடும்பங்கள் என்று எளிதாகத் திட்டிவிடலாம். வேறு எங்கே விடுவது என்று அவர்களுக்குச் சொல்ல அன்று யார் இருந்தார்கள்?

2015-இல் பான்யனின் 'ஹோம் அகெய்ன்' திட்டம் வந்தது. ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். யார் யாரோடு இருப்பது என்பதில் அவர்கள் விருப்பத்துக்கு இடமுண்டு. உதவிக்கு ஒருவர் இருப்பார். மருத்துவரோ நர்ஸோ அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆள். சமையலறைதான் இந்த வீடுகளின் பாடசாலை. இன்று வஞ்சிரமா நெத்திலியா, மார்க்கெட்டுக்கு யார் போவது, மீதிச் சில்லறை யார் கையில் என்பதையெல்லாம் பேசித் தீர்க்கவேண்டும். மணியடித்ததும் தட்டை நீட்டி வருஷக்கணக்கில் பழகியவருக்குக் குழம்பில் புளி போதுமா என்று யாராவது கேட்பதே புதுசு. சண்டையும் வரும். வீடு என்றால் சண்டை வராமலா?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில், ஆதரவுடன் கூடிய குடியிருப்புக்கு முன்மாதிரிகளாக எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. இத்தாலியில் மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் இயக்கம் 1978-இல் சட்டமாகி, மனநோய் விடுதிகளை மூடும் வழியைத் திறந்தது. அங்கே சட்டம் முன்னால் வந்தது. இங்கே வாடகை வீடு முன்னால் வந்தது. நம்முடைய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது. அதன் 19-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழு இல்லங்களுக்கு ஏற்பாடு செய்யவேண்டியது அரசு. 2014-இல் வெளியான தேசிய மனநலக் கொள்கையை வகுத்த குழுவில் வந்தனாவும் இருந்தார்.

நடைமுறை அந்த வேகத்தில் ஓடவில்லை. ஹோம் அகெய்ன் கேரளம், மகாராஷ்டிரம், அசாம் வரை போயிருக்கிறது. தேவையின் முன் அது சின்னக் கணக்குதான். வாடகைக்கு வீடு கேட்டால் உரிமையாளர் தயங்குவார், கொடையாளர் நிதி நின்றால் வாடகை நிற்கும். இப்படிப்பட்ட படிப்பில் சேரும் மாணவர் வகுப்பில் 19-ஆம் பிரிவை மனப்பாடம் செய்துவிடலாம். களப்பணியில் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பேசவும் தெரிந்திருக்கவேண்டும்.

(அடுத்த இதழில்: 1978-இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலி)