கார் எஞ்சினுக்குக் குளிர்ந்த மூச்சு

2024 மே மாதம், அக்கினி நட்சத்திர நாட்களில் ஒன்று. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் என் அண்ணன் மகன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின் இருக்கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே பளபளக்கும் அலுமினியக் குழாய் ஒன்றும், கூம்பு வடிவக் காற்று வடிகட்டி ஒன்றும் இருந்தன.

"சித்தப்பா, இதைப் போட்டால் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போகுமாம். 15 குதிரைத்திறன் கூடுமாம்!" என்றான்.

"அப்படியா? குளிர்ந்த காற்றுக்கும் குதிரைத்திறனுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரர் சொன்னாரா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். மாணவர்களே, அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இந்தக் கட்டுரை.

ஒரு லிட்டருக்கு ஓர் அறை

பெட்ரோல் எரிந்துதான் கார் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெட்ரோல் தானாக எரிந்துவிடாது; அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் முக்கால் கிலோ. ஆகவே ஒரு லிட்டருக்கு 11 கிலோ காற்று வேண்டும். நம் ஊர்க் கோடைக் காற்றில் 11 கிலோ என்பது 9,600 லிட்டருக்குக் குறையாது. இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறிய அறையைத் தரையிலிருந்து கூரை வரை நிரப்பும் காற்று அது! ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் எஞ்சின் அப்படி ஓர் அறைக் காற்றை விழுங்குகிறது.

எப்படி விழுங்குகிறது? உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது வால்வு திறந்து காற்று உள்ளே பாய்கிறது. இதுவே உறிஞ்சு வீச்சு. 1,200 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், வினாடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதன் ஒரு நிமிடத்தில் இழுப்பது ஆறு முதல் எட்டு லிட்டர்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எஞ்சின் காற்றைக் கனஅளவால் அளந்து இழுக்கிறது. ஆனால் எரிவதோ நிறையைப் பொறுத்தது. காற்று சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் உருளைக்குள் இடம் ஒன்றுதான். அந்த இடத்தில் எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நுழைகின்றன என்பதே கேள்வி.

வெப்பமானி சொன்ன உண்மை

அழுத்தம் மாறாதபோது வாயுவின் கனஅளவு அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது சார்லஸ் விதி, பள்ளியில் படித்திருப்பீர்கள். காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் அடர்த்தி குறையும்.

அண்ணன் மகன் அன்றே கூம்பு வடிகட்டியைப் பொருத்திவிட்டான். கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை அதன் அருகில் கட்டி, ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேலூர் சாலையில் போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே ஊர்ந்து சென்று வந்தோம். நிழலில் 38 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில், பானட்டுக்குள் கூம்பின் அருகே வெப்பமானி 63 டிகிரி காட்டியது!

கணக்குப் பார்ப்போம். 38 டிகிரி என்பது 311 கெல்வின். 63 டிகிரி என்பது 336 கெல்வின். 311ஐ 336ஆல் வகுத்தால் 0.926. அதாவது பானட்டுக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி வெளிக்காற்றைவிட 7 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 'குளிர்ந்த காற்று' என்று எழுதியிருந்த பெட்டி, எஞ்சினுக்கு வெந்நீர்ப் பானைக் காற்றை ஊட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் திறனும் 7 சதவீதம் குறைந்துவிடுமா? இல்லை. எந்தக் காற்றாக இருந்தாலும் எஞ்சினின் சூடான சுவர்களைத் தொட்டபடிதான் உள்ளே போகிறது. குளிர்ந்த காற்று வழியில் அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் வேறுபாடு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகையால் எஞ்சின் சோதனைக் கூடங்களில் வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தைக் கையாள்வது வழக்கம். 0.926இன் வர்க்கமூலம் 0.962. இழப்பு 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 80 குதிரைத்திறன் எஞ்சினில் அது 3 குதிரைத்திறன். பெட்டியில் எழுதியிருந்த 15 எங்கே, இந்த 3 எங்கே! அந்த 3உம் கூடவில்லை, கையிலிருந்தது போயிற்று.

பழைய பெட்டியின் பெருமை

கழற்றிவைத்த பழைய வடிகட்டிப் பெட்டியைப் பிறகுதான் உற்றுப் பார்த்தோம். கறுத்த பிளாஸ்டிக், அழகே இல்லை. ஆனால் அதன் மூக்கு ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னே நீண்டு, வெளிக்காற்றை நேராக வாங்கிக்கொண்டிருந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொழிற்சாலையே குளிர்ந்த காற்று வழியை அமைத்துத்தான் அனுப்புகிறது.

"ஆனால் சித்தப்பா, கூம்பு போட்டதும் வண்டி சீறுகிறதே!" என்றான் அவன். சீறியது ஒலிதான். பழைய பெட்டியும் அதன் பக்க அறைகளும் உறிஞ்சும் ஒலியை அடக்கி வைத்திருந்தன. அவை போனதும் ஒலி வெளியே வந்தது. காது கேட்டதைக் கால் உணர்ந்ததாக நாம் எண்ணிவிடுகிறோம்.

எரிபொருள் சிக்கனம் கிடைக்குமா? ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது த்ராட்டில் வால்வே காற்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாசலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு தெருவை அகலப்படுத்தி என்ன பயன்? குளிர்ந்த காற்றின் நன்மை முழு மிதியில்தான் தெரியும். அதனால்தான் பந்தயக் கார்களில் இது முக்கியம். முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிய பந்தயங்களில் ஒரு சதவீதத் திறன்கூட வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக் கூடியது.

வேகமாகப் போனால் காற்று தானே அழுந்தி உள்ளே நுழையும் என்று சொல்வாரும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 440 பாஸ்கல். காற்றுமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அரை சதவீதம்கூட இல்லை!

லாரி, பேருந்துகளில் கதை வேறு. டர்போ அமைப்பு காற்றை இரு மடங்கு அழுத்தும்போது அது 100 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே! அந்தச் சூட்டை ரேடியேட்டர் போன்ற 'இண்டர்கூலர்' தணித்து அனுப்புகிறது. அங்கே குளிர்விப்பதால் கிடைக்கும் லாபம் மிகப் பெரியது.

குளிர்ந்தால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போனால் காற்று நம் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். ஆனால் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே அழுத்தம் 8 சதவீதம் குறைவு. குளிர்ச்சியால் வருவது ஒன்றரை சதவீதம்தான். ஆக, மலையின் குளிர்காற்றைவிடச் சமவெளியின் வெப்பக் காற்றே எஞ்சினுக்குக் கனமான உணவு!

வாங்குவதென்றால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் வாங்க விரும்பினால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பது. பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு வேண்டாம். எஞ்சின் சூடு எட்டாதபடி நான்கு புறமும் மூடிய பெட்டியும், வெளிக்காற்றைத் தொடும் வாயும் தேவை.

இரண்டாவது, வடிகட்டியின் நுண்மை. காற்று எளிதாகப் போகிறது என்றால் தூசியும் எளிதாகப் போகலாம். நம் செம்மண் தூசியில் உள்ள மணல் துகள் உருளைச் சுவரை அரம்போல் ராவிவிடும். வயலில் உழும் டிராக்டரைப் பாருங்கள்: பானட்டுக்கு மேலே காளான் குடைபோல் ஒரு மூடி நிற்கும். தூசி குறைந்த உயரத்திலிருந்து காற்றை எடுத்து, பெரிய துகள்களை முதலிலேயே பிரித்துவிடும் ஏற்பாடு அது.

மூன்றாவது, உணரியின் இருப்பிடம். பல கார்களில் உள்ளே போகும் காற்றின் நிறையை ஒரு சூடான மெல்லிய கம்பி அளக்கிறது. அது பொருந்தும் குழாயின் விட்டம் மாறினால் கணினி தப்புக் கணக்குப் போடும். எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் அதிகமானால் அந்தக் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா? 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் வினாடிக்கு 30 லிட்டர் காற்று போனால் அதன் வேகம் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல். 60 சென்டிமீட்டர் குழாயை அது கடக்கும் நேரம் ஒரு வினாடியில் சுமார் பதினெட்டில் ஒரு பங்கு. அதற்குள் எவ்வளவு சூடேறும்? குழாயின் உலோகத்தைவிட வாய் இருக்கும் இடமே முக்கியம்.

பொருத்தும்போது

வேலையை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தெரிந்தவர் துணையோடுதான் தொடங்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். பழைய பெட்டியை எடுத்ததும் திறந்த துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் எஞ்சின் பாழ். துணியை மறக்காமல் எடுப்பதும் அவ்வளவே முக்கியம். உணரியின் கம்பியை விரலால் தொடக் கூடாது. காற்று பாயும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்த வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதி ஆவியைக் கொண்டுவரும் சிறு ரப்பர் குழாயைத் தொங்கவிடாமல் மீண்டும் இணைக்க வேண்டும். கிளாம்ப்பை இறுக்கமாக, ஆனால் ரப்பர் நசுங்காதபடி முடுக்குங்கள். உணரிக்குப் பின்னால் ஒரு விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று நுழைந்து எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடும். காரின் உத்தரவாதம் கெடுமா என்று முன்பே கேட்டுக்கொள்வதும், பழைய பெட்டியைப் பத்திரமாக வைப்பதும் நல்லது.

இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர்

எங்கள் பரிசோதனைக்குப் பிறகு அண்ணன் மகன் கூம்பைக் கழற்றினான். ஆனால் ஆசை விடவில்லை. நீண்ட குழாய் ஒன்றை வாங்கி, வடிகட்டியை முன் பம்பருக்குக் கீழே, சக்கரத்தின் அருகில் கொண்டுபோய் வைத்தான். வெப்பமானி இப்போது வெளிக்காற்றைவிட மூன்றே டிகிரி கூடுதலாகக் காட்டியது. "பார்த்தீர்களா சித்தப்பா!" என்றான். நானும் பாராட்டினேன். அந்த வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இயற்பியல் படித்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை திருவண்ணாமலையைத் தாக்கியது. முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் அவன் காரைச் செலுத்தினான். எஞ்சின் சட்டென்று நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஓர் ஒலி. இணைப்புத் தண்டு வளைந்துவிட்டது.

காரணம் எளிது. ஓர் உருளை 300 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 10க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 33 கன சென்டிமீட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது. ஏதாவது ஒன்று வளைந்தே தீரும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நீர் புகுந்த கார்களைத் தொடக்கூடாது, ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று எச்சரித்ததும் இதனால்தான். தண்ணீரில் நின்ற காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

எஞ்சினைச் சீர்செய்ய அவனுடைய சில மாதச் சம்பளம் போயிற்று. இப்போது அந்தக் காரில் இருப்பது பழைய கறுத்த பிளாஸ்டிக் பெட்டிதான். குறித்த காலத்தில் வடிகட்டியை மாற்றுகிறான். அந்தப் பெட்டியின் மூக்கு ஏன் அவ்வளவு உயரத்தில், அப்படி வளைந்து நிற்கிறது என்று இப்போது அவனுக்கும் தெரியும்; எனக்கும் தெரியும்.

செய்து பாருங்கள்

ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிவரை காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். எவ்வளவு உள்ளே போகிறது? பிறகு காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை இழுத்து அதேபோல் அழுத்துங்கள். உங்கள் கட்டைவிரல் உணரும் அந்த எதிர்ப்பைத்தான் அன்று மழையில் அந்த இணைப்புத் தண்டு உணர்ந்தது.