மாதிரி விடையும் மாணாக்கர் விடையும்

கணினி நிரற்பயிற்சியில் மாணாக்கரின் விடையைத் திருத்துவதும் இன்னொரு நிரலேயாகும். அது பெரும்பாலும் ஆசிரியரின் மாதிரி விடையோடு மாணாக்கர் விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வேறுபட்டால் பிழையென அறிவிக்கும். ஒரே விடையுள்ள வினாவிற்கு இதனாற் கேடில்லை. பல விடைகள் உள்ளவிடத்துத்தான் வில்லங்கம்.

"100ஐ இரண்டு முதன்மையெண்களின் கூட்டுத்தொகையாகத் தருக" என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். மாதிரி விடை 3, 97 என்க. ஆயின் 11, 89, 17, 83, 29, 71, 41, 59, 47, 53 ஆகியனவும் சரியே. சிறிய எண்ணிலிருந்து மேல்நோக்கித் தேடிய மாணவிக்குப் புள்ளி கிடைக்கும். 50இலிருந்து கீழ்நோக்கித் தேடி 47இல் நின்றவளுக்குக் கிடையாது. அவளோ தன் நிரலில் இல்லாத பிழையைத் தேடித் தேடி, ஈற்றில் சரியான நிரலையே கெடுத்துவிடுவாள். இதனையே நாம் பெருந்தீங்காகக் கருதுகின்றோம். தாயகத்தில் விடைத்தாள் திருத்திய காலத்தில், மாற்று வழியிற் சென்ற பிள்ளைக்கும் முழுப் புள்ளி வழங்கிப் பழகியவர்கள் நாம்.

ஆறு விடைகளையும் பட்டியலிட்டு வைக்கலாமே எனின், வினா பெரிதாகும்போது பட்டியல் கட்டுக்கடங்காது. 97, 3 என மாற்றி எழுதினாலும் தடுமாறும். ஆதலால் விடையின் இலக்கணத்தையே சோதித்தல் வேண்டும்: எண்கள் இரண்டா? இரண்டும் முதன்மையெண்களா? கூட்டினால் 100 வருமா? கூட்டுத்தொகையை மாத்திரம் பார்த்தால் 50, 50 என்பதும் தேறிவிடும். எனவே திருத்தும் நிரலுக்கும் சரியும் பிழையுமான விடைகளைக் கொடுத்து, அதனையும் பரீட்சித்துப் பார்த்தல் அவசியம்.

தசம எண்களில், 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 எனக் காட்டும். இங்கு மிகச் சிறிய வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளுமாறு நிரலுக்குச் சொல்லிவைத்தாற் போதும்.

தமிழ்ச் சொல்லை விடையாகக் கேட்டால் நமக்கேயுரிய இடரொன்று உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கோ வெவ்வேறு. ஒப்பிடுமுன் இரு விடைகளையும் ஒரே வடிவிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பைதன் மொழியில் இதற்கான வசதி உடன் வருகின்றது. 'கோயில்', 'கோவில்' இரண்டையும் ஏற்பதற்கு மாத்திரம் பட்டியலே வேண்டும். அதனைத் தமிழாசிரியர்தான் எழுதித்தர வேண்டும்.