கைப்பையுள் அடங்கும் முதலுதவி

நோய்க்கும் வைத்தியத்துக்கும் இடையே ஒரு சிறு கால இடைவெளி எப்பொழுதும் உண்டு. துவிச்சக்கரவண்டியினின்று வீழ்ந்தவன் வைத்தியசாலையை அடையும் வரையும், நாய் கடித்தவன் தாதியின் முன் நிற்கும் வரையும் கழிகின்ற அந்நேரத்தில், அருகில் நிற்கும் சாதாரண மனிதர் செய்யத்தக்கது எதுவோ அதுவே முதலுதவி எனப்படும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிசெய்வோனையும் ஒரு கூறாகவே வைத்து எண்ணினார். முதலுதவி செய்வோன் இந்நான்காவது கூற்றைச் சேர்ந்தவன். இரண்டாவது கூற்றைச் சேர்ந்தவனல்லன். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், அவன் தன்னுடன் கொண்டு செல்லும் பையினுள் எவை இருத்தல் வேண்டும், எவை இருத்தலாகாது என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பாடசாலைதோறும் முதலுதவிப் பெட்டி ஒன்று இருக்க, தனியாள் ஒருவருக்கு வேறொன்று எற்றுக்கு எனின், அப்பெட்டி பெரும்பாலும் ஓர் அலுமாரியினுள் இருக்கும்; அலுமாரி பூட்டியிருக்கும். நான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றில், விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் மாலை ஓட்டம் பழகிய மாணவன் ஒருவன் முழங்காலைக் கிழித்துக்கொண்டபொழுது, திறப்பை வைத்திருந்தவர் வீடு சென்றுவிட்டார். அன்று உதவியது ஒரு மாணவியின் கைக்குட்டையே. மேலும், பொதுப்பெட்டி எல்லோருக்கும் உரியதாதலின் எவருக்கும் முற்றப் பொருந்துவதில்லை.

முதலுதவிப் பெட்டியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1877இல் இங்கிலாந்தில் சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டில், பீற்றர் ஷெப்பேட் என்னும் படைவைத்தியர் வுலிச் நகரிற் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தி, வைத்தியரல்லாதாரும் இவ்வுதவியைக் கற்கலாம் என்று காட்டினார். 1879 ஜனவரியில் இசாண்டல்வானாப் போரில் அவர் இறந்த பின்னர் அவர்தம் கைந்நூல் பரவிற்று. ஜெர்மானிய சத்திரவைத்தியராகிய எஸ்மார்க் என்பார் முக்கோணக் கட்டுத்துணியைப் போர்வீரரிடையே பரப்பியவர். அதனைக் கட்டும் முறைகளை அத்துணியிலேயே படங்களாக அச்சிடுவித்தமை அவர் செய்த நுட்பமான காரியம். வாசிக்கத் தெரியாத வீரனும் அதனைப் பார்த்துக் கட்டலாமன்றோ? 1888இல் அமெரிக்காவில் ஜோன்சன் நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்கு விட்ட முதலுதவிப் பெட்டி புகையிரதப் பாதைத் தொழிலாளருக்கென அமைந்தது. வைத்தியசாலைக்கு நெடுந்தூரத்தில், இரும்போடு போராடியவர்கள் அவர்கள். அந்நிறுவனத்திற் பணியாற்றிய ஏர்ள் டிக்சன் என்பவர் 1920இல் ஒட்டுந்துணியின் நடுவே சிறு கோஸ் துண்டை வைத்து இன்று யாவரும் அறிந்த ஒட்டுப்பிளாஸ்டரை அமைத்தது, சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொண்ட தம் மனைவியின் பொருட்டு. இன்னார்க்கு, இன்ன இடத்தில், இன்ன துன்பம் நேரும் என்று முதலில் அறிந்து, பின்னரே பொருளைத் தேர்ந்தனர் என்பது கருதத்தக்கது. கடைகளில் நிறைத்து விற்கும் பெட்டியை வாங்குவோர் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். அவற்றுட் பாதி ஒருநாளும் வேண்டப்படாதவை; வேண்டப்படுவது இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

ஆதலின், நாம் அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாடோறும் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலை சென்று மீளும் ஆசிரியர், அல்லது மேல்வகுப்பு மாணவர். அவருக்கு நேரக்கூடியவை யாவை? மக்கி வீதியில் வீழ்ந்து தோலுரிதல்; பனங்கருக்கும் முட்கம்பியும் கறள்பிடித்த தகரமும் கிழித்தல்; காலில் முள் ஏறுதல்; ஒழுங்கைகளில் நாய்க்கடி; குளவிக்கொட்டு; வெயில் மயக்கம்; வயிற்றோட்டம்; மழைக்காலத்திற் காய்ச்சல்; எப்பொழுதேனும் ஒரு பாம்பு. இவ்வட்டவணையை எதிரே வைத்துக்கொண்டே பையை நிரப்புதல் வேண்டும்.

முதலிடம் பெறும் பொருள் எவரும் எதிர்பாராத ஒன்று: ஒரு சிறு சவர்க்காரத் துண்டு. காயத்தின் முதற்பகை அதனுட் புகுந்த மண்ணும் அழுக்குமாகும். அவற்றை நீக்குவது ஓடும் நீரேயன்றி எந்த மருந்துமன்று. நீர்ப்போத்தலின் மூடியிற் சிறு துளை ஒன்றிட்டு அழுத்தினால் நீர் விசையோடு பாய்ந்து மணலைக் கழுவிவிடும். நாய்க்கடியிலோ சவர்க்காரம் உயிர்காக்கும் பொருளாகின்றது. விசர்நாய்க்கடி நோய் தோன்றிய பின்னர் அதற்கு மருந்தில்லை என்றே கூறலாம். ஆயின் கடிபட்ட இடத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல், நோய்க்கிருமி நரம்பை அடையுமுன் அதனைப் பெரிதும் குறைத்துவிடும். அதன்பின் பொவிடோன் அயடீன் இட்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நாய் வீட்டு நாயாயினும் இதில் விலக்கில்லை. கழுவிய 15 நிமிடம் தடுப்பூசிக்கு மாற்றன்று. தடுப்பூசியும் கழுவாமைக்குப் பரிகாரமன்று.

அடுத்தது குருதிப்பெருக்கு. இதற்கு வேண்டுவன கிருமிநீக்கிய கோஸ் துணிப்பொதிகள் நான்கு ஐந்து, ஒரு சுருள்துணி, ஒரு சோடி இறப்பர்க் கையுறை. காயத்தின்மேல் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, 10 நிமிடம் எடாதிருத்தலே முறை. நின்றுவிட்டதோ என்று நிமிடத்துக்கொருமுறை துணியை நீக்கிப் பார்ப்பது நம்மவரின் இயல்பு. அவ்வாறு பார்க்குந்தோறும் உறையத் தொடங்கிய குருதி கலைந்துவிடுகின்றது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து இன்னும் இறுக அழுத்துக. பஞ்சைக் காயத்தின்மேல் நேரே வைத்தலாகாது. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். சிறு காயங்களுக்கு டிக்சனின் பிளாஸ்டர் பத்துப் போதும். நமது வெயிலில் வியர்வைக்கு அவை கழன்றுவிடுமாதலின், துணியாலான ஒட்டுநாடாச் சுருளொன்றும் உடனிருத்தல் நன்று. கறளும் மண்ணும் கலந்த காயமெனின், ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்பொழுது ஏற்றப்பட்டது என்று வைத்தியர் வினவுவார். அந்த ஆண்டைக் குறித்து வைத்திருப்போர் மிகச் சிலரே.

முக்கோணக் கட்டுத்துணியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஒரு மீற்றர் சதுரமான பருத்தித்துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு கிடைக்கும். முறிந்த கையைக் கழுத்தினின்று தாங்கவும், மட்டையோடு சேர்த்துக் காலைக் கட்டவும், தலைக்காயத்தை மூடவும், சுருட்டி முழங்காலிற் சுற்றவும் இஃது ஒன்றே போதும். பையினுள்ளே மிகக் குறைந்த இடத்தைக் கொண்டு மிகப் பல வேலை செய்யும் பொருள் இதுவே என்பது என் கருத்து. இதனோடு முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றும் முள்வாங்கி ஒன்றும் சேர்க. நம் பாட்டிமார் திறப்புக்கோர்வையில் முள்வாங்கியைத் தொங்கவிட்டிருந்தது வெறும் அலங்காரத்துக்கன்று.

இனி, பையினுள் இருத்தலாகாதவற்றைக் கூறுவாம். இப்பகுதியே உயிரோடு நேரே தொடர்புடையது. கிராமங்களிற் சிலர் பாம்புக்கடிக்கென்று ஒரு சவர அலகும் ஒரு கயிறும் எடுத்துச் செல்வர். இவ்விரண்டும் இருந்தால் கை அவற்றையே நாடும். ஆதலின் இல்லாதிருப்பதே காப்பு. கடிவாயை வெட்டினால் நஞ்சு வெளியேறாது. புடையன் கடித்தவிடத்துக் குருதி உறையும் தன்மையை நஞ்சு அழித்துவிடுதலால், வெட்டிய காயம் நில்லாது பெருகும். இறுகக் கட்டிய கயிறு நஞ்சை ஓரிடத்தில் தேக்கி அவ்வுறுப்பையே இழக்கச் செய்யக்கூடும். செய்யத்தக்கவை வேறு: கடியுண்டவரை நடக்கவிடாது இருத்தி, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாவண்ணம் மட்டையும் முக்கோணத்துணியும் கொண்டு கட்டி, விரைந்து வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல். பாம்பை அடித்துக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. அதனைத் தேடி அலைவதில் நேரம் போகும், இன்னொருவரும் கடியுண்ணலாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது.

எரிகாயத்துக்கும் பையில் மருந்து வேண்டா. கோப்பித்தூள், பற்பசை, மை, வெண்ணெய் என்பன நம் வீடுகளில் இன்னும் பூசப்படுகின்றன. இவை வெப்பத்தை உள்ளே அடைத்து, வைத்தியர் பார்க்கவேண்டிய புண்ணையும் மறைத்துவிடுகின்றன. 20 நிமிடம் ஓடும் குளிர்நீர், பின்னர் தூய துணியால் தளர மூடுதல், இவையே முறை. பழைய பாடசாலை அலுமாரிகளில் தவறாது இருந்த சிவப்பு மருந்தாகிய மேர்க்குரோகுரோமும் இன்று தகாது. அஃது இரசம் கலந்தது. 1998இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அதனைப் பாதுகாப்பானதென ஏற்கப்பட்ட மருந்துகளின் வரிசையினின்று நீக்கினர். ஆயினும் அந்நிறத்தைக் கண்டாற்றான் மருந்திட்டதாகக் கருதும் தலைமுறை நம்மிடையே இன்னும் உண்டு.

மாத்திரைகளைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பத்து இருக்கலாம்; வளர்ந்தோர் ஒருமுறைக்கு ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது 4 மணித்தியாலம் இடைவிட்டு, ஒரு நாளில் 8க்கு மேற்படாது உட்கொள்ளலாம். அஸ்பிரினும் இபுபுரோபனும் அவ்வாறல்ல. இந்நாட்டிற் காய்ச்சல் எதுவும் டெங்காக இருத்தல் கூடும். டெங்கிற் குருதிச் சிறுதட்டுக்கள் ஏற்கெனவே குறைவன. இம்மருந்துகள் அவற்றின் தொழிலையும் தடுத்து, இரைப்பையிற் குருதி கசியச் செய்து, ஆபத்தை விளைவிக்கும். உடல்வலி தீரட்டும் என்று நண்பர் அன்போடு நீட்டும் ஒரு மாத்திரையே அவ்வாறு செய்துவிடலாம். ஆனால் அதே அஸ்பிரின், மாரடைப்பின் அறிகுறியான நெஞ்சுநோவில் 300 மில்லிகிராம் மென்று விழுங்கத் தரப்படும் மருந்துமாகும். ஆகவே அம்மாத்திரையை, இதயநோயுள்ளவர் தம் வைத்தியர் பணித்திருப்பின் மட்டும், எதற்கென்று மேலே எழுதித் தனியே வைத்துக்கொள்க. ஏனையோர் பையில் அது வேண்டா. எஞ்சிய நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளைச் சேர்த்துவைப்பதும் தகாத வழக்கமாகும்.

ஜீவனிப் பொதி இரண்டு வைத்துக்கொள்க. வயிற்றோட்டத்தில் இழக்கப்படும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே அதன் தொழில்; ஓட்டத்தை நிறுத்துவதன்று. பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுப்பொதியையும் ஒருமுறையிற் கரைத்தல் வேண்டும். கொஞ்சம் தூளைக் கொஞ்சம் நீரிற் கரைத்துக் கண்ணளவாற் குடிப்பிப்பது தீங்காகலாம்.

இதுகாறும் கூறியவை பலர்க்கும் பொது. தனியாள் பை என்பதற்குரிய பொருள் இனித்தான் வருகின்றது. தொய்வு உள்ளவருக்கு அவரது உறிஞ்சு மருந்தே முதலுதவி. நீரிழிவுக்கு மருந்தெடுப்பவருக்குச் சீனிப்பொட்டலம். குளவிக்கொட்டுக்கு முன்னொருமுறை முகம் வீங்கி மூச்சு முட்டியவர், வைத்தியரிடம் கேட்டுத் தமக்குரிய மருந்தை உடன்வைத்திருத்தல் வேண்டும். இவற்றைவிட இலேசானதும் இவற்றினும் அதிகம் மறக்கப்படுவதும் ஒரு காகிதம்: பெயர், குருதிவகை, நாடோறும் உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாத மருந்து, ஏற்புவலி ஊசி ஏற்றிய ஆண்டு, வீட்டாரின் தொலைபேசி இலக்கம் என்பன பெரிய எழுத்தில் எழுதிப் பொலித்தீன் உறையிலிட்டது. கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கின்றனவே என்பர். மயங்கிக் கிடப்பவரின் தொலைபேசியைத் திறப்பது யார்?

இவை யாவும் மாணவர் சோற்றுப்பெட்டி அளவினதான ஒரு துணிப்பையுள் அடங்கிவிடும். நீர்புகா உறையிலிட்டு, புத்தகங்களுக்கு அடியிலன்றிப் பையின் முன்னறையில் வைத்தல் வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியுள் விட்டுச்செல்லின் பிளாஸ்டரின் பசை இளகும், மாத்திரையும் கெடும். காலாவதித் திகதிகளை ஆண்டுக்கு இருமுறை பார்த்தாற் போதும். தைப்பொங்கலும் ஆடிப்பிறப்பும் சரியாக ஆறு மாத இடைவெளியில் வருவதால் நினைவுக்கு எளிது. அன்று நீக்கப்படும் மாத்திரைகளைக் குழந்தைகள் கைப்படாது அகற்றுக. கட்டுத்துணிகளை எறிய வேண்டா. வகுப்பில் ஒருவர் கையை ஒருவர் கட்டிப் பழகுவதற்கு அவை மிகவும் உதவும்.