கடைக்குள் நுழையக் கட்டணம்!

கடைக்குள் கால் வைக்கவே பணம் கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? "நீயும் உன் கடையும்!" என்று திரும்பி விடுவார்கள். அமெரிக்காவிலோ கோடிக்கணக்கானவர்கள் ஆண்டுச் சந்தா கட்டி 'காஸ்ட்கோ' என்ற கிட்டங்கிக் கடைக்குப் போகிறார்கள்!

இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் சால் பிரைஸ் என்ற வக்கீல். 1976-ல் சான்டியாகோ நகரில், பழைய விமானக் கொட்டகையில் கடை திறந்தார். 1983-ல் சியாட்டிலில் பிறந்த காஸ்ட்கோவும் அவர் கடையும் 1993-ல் ஒன்றாயின.

கடைக்காரரின் லாபத்தில் பெரும் பங்கு சந்தாப் பணம்தான். அதனால்தான் சரக்கைக் குறைந்த விலைக்குத் தர முடிகிறது.

சந்தா கட்டுபடி ஆகுமா? 2024 செப்டம்பரில் சாதாரணச் சந்தா 65 டாலர் ஆயிற்று. நூற்றுக்குப் பத்து மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 650 டாலருக்குச் சாமான் வாங்கினால் போட்ட பணம் வந்துவிடும். பிள்ளைகுட்டிக்காரருக்கு இது பெரிதல்ல.

130 டாலர் சந்தாவும் உண்டு. அதற்கு, வாங்கும் சரக்கில் நூற்றுக்கு 2 வீதம் திருப்பித் தருகிறார்கள். கூடுதலாகக் கட்டிய 65 டாலரை மீட்க 3,250 டாலருக்கு வாங்க வேண்டும். அம்மாடி!

ஒண்டிக்கட்டையின் பாடு வேறு. அரிசி மூட்டையும் சோப்பும் கெடாது. ஆனால் பெரிய பெரிய பொட்டலமாக வாங்கிய கீரையும் ரொட்டியும் பாதி குப்பைக்குப் போனால் மிச்சம் ஏது? போதாததற்கு, 4.99 டாலருக்குச் சுட்ட முழுக்கோழி! அதை வாங்கப் போனவர் வண்டி நிறையச் சாமானோடு திரும்புவதும் உண்டு. கடையின் கோடியில் கோழியை வைத்திருப்பது சும்மாவா?

பிடிக்காவிட்டால் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள். வாடிய கீரைக்கு ஆன செலவு அவரவர் கணக்கில்.