அஞ்சல் வழங்கியில் வட்டுப் பாகப்பிரிவினை

1990களில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு மின்மடலில் தமிழ் எழுதப் பழகியவர் நம்மிடையே பலர். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது, தமிழ் எழுத்தைச் சிதையாமல் அனுப்புவது எவ்வாறு என்பதே என்னைப் போன்றோர் மனத்தில் நின்ற வினா. இன்று அம்மடல்களை எங்கே, எவ்வாறு காத்துவைப்பது என்னும் வினா எழுந்துள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் சிறு அமைப்பொன்று நடத்திய கட்டுரைப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். தீபாவளி விடுமுறையில் அலுவலகம் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. அவர்தம் அஞ்சல் வழங்கியில் வட்டு முழுதும் ஒரே பாகம். நிகழ்வுப் பதிவேடு பெருகி அதனை நிரப்பிவிட, புதிய மடல்களை ஏற்க வழங்கி மறுத்தது. அனுப்பும் வழங்கி பொதுவாக நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயலும். பின்னர் மடலை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். மாணவர் சிலரின் கட்டுரைகள் திரும்பிப்போனமை முடிவுநாள் கடந்த பின்னரே தெரியவந்தது.

குடும்பச் சொத்தில் பாகம் பிரிப்பது ஒருவர் பங்கை மற்றவர் உண்ணாதிருத்தற்கே. வட்டிலும் அவ்வாறே. இயங்குதளம், பதிவேடு, அனுப்பக் காத்திருக்கும் மடல்களின் வரிசை, பயனர் அஞ்சற்பெட்டி ஆகிய நான்கும் வெவ்வேறு வகையில் வளர்வன. ஆதலின் அவற்றுக்குத் தனித்தனிப் பாகம் வேண்டும்.

தமிழ் மடல் மிகுந்த இடம் பிடிக்குமா என்று பலர் வினவுவர். ‘அம்மா’ என்னும் சொல்லைப் பழைய தகுதரக் குறியேற்றம் 4 பைட்டில் அடக்கியது. யூனிகோடு அதனை அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகக் கொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டு, ஆக 15. மடலில் அனுப்புதற்கு பேஸ்64 முறையில் மாற்றினால் 20. எனினும் ஆயிரம் சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 33 கிலோபைட்டே ஆகும். 3 மெகாபைட் நிழற்படம் ஒன்று மடலில் 4 மெகாபைட்டாகி, அத்தகைய 120 கட்டுரைகளின் இடத்தைக் கொள்ளும். வட்டை நிரப்புவது தமிழன்று, இணைப்புகளே.

இருபது பயனர், ஆளுக்கு 2 கிகாபைட் எனக் கொள்வோம். பெட்டிகளுக்கு 40; வளர்ச்சிக்கு அதிற்பாதி சேர்த்து 60. இயங்குதளத்திற்கு 20, வரிசைக்கு 10, பதிவேட்டுக்கு 10. வட்டு 120 கிகாபைட்டாயின் எஞ்சும் 20ஐ எவர்க்கும் ஒதுக்காது வைத்தல் நன்று. தருக்க வட்டு மேலாண்மை முறையில், நெருக்கடியுற்ற பாகத்திற்கு அதனைப் பின்னர் சேர்த்துக் கொடுக்கலாம்.

மடல் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கும் முறையில் வேறொரு வரம்பும் உண்டு. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாக 16 கிலோபைட்டுக்கு ஒரு கோப்பு என்றே கணக்கிடும். 60 கிகாபைட்டில் சுமார் 39 இலட்சம். குறுமடல்களே மிகுந்தால் இடம் இருந்தும் எண்ணிக்கை தீர்ந்துபோகும்.

பாகம் பிரித்தல் படி எடுத்தலுக்கு ஈடாகாது. வட்டு பழுதானால் எல்லாப் பாகங்களும் ஒருங்கே அழியும். வேறொரு வட்டில் நாள்தோறும் படி எடுத்து வைப்பதும், நீண்ட விடுமுறைக்கு முன் எஞ்சிய இடத்தைப் பார்த்துச் செல்வதும் பொறுப்பாளர் கடன். அன்று கிள்ளானில் எவரேனும் பதிவேட்டை ஒருமுறை பார்த்திருப்பின், அம்மாணவர்தம் கட்டுரைகள் என் மேசைக்கு வந்திருக்கும்.