ஆற்றங்கரைச் சிற்றூர்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், வெசேர் ஆற்றின் கரையில் மோந்திஞாக் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கோடைக்காலத்தில் இங்கு வருவோர் ஆற்றில் சிறு படகு செலுத்துவர். சுண்ணாம்புப் பாறைகளையும் காடுகளையும் கண்டு களித்தவாறு நடந்து செல்வர். எனினும், இவ்வூருக்குப் பெரும்புகழ் தந்தது அடுத்துள்ள குன்றின் லாஸ்கோ குகையே ஆகும். 1940ஆம் ஆண்டில் இளைஞர் நால்வர் அதனைக் கண்டறிந்தனர். அதன் சுவர்களில் காளைகளும் குதிரைகளும் மான்களும் உயிருள்ளனபோல் விளங்கின. அவை 17,000 ஆண்டுகட்கு முன்னரே தீட்டப்பெற்றவை.

1948 முதல் மக்கள் திரள்திரளாகச் சென்று அவ்வோவியங்களைக் கண்டனர். அவர்தம் மூச்சுக்காற்றாலும் விளக்கொளியாலும் சுவர்களில் பாசி படர்ந்தது. ஆகவே, 1963இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இன்று அங்குச் செல்வோர், அருகில் 1983இலும் 2016இலும் அமைக்கப்பட்ட மாதிரிக் குகைகளையே காண்கின்றனர். கண்டு மகிழ்தலினும் பின்வருவோர்க்குக் காத்து வைத்தல் சிறந்தது என்பதனை இச்சிற்றூர் நமக்கு உணர்த்துகின்றது.